அண்ணனின் கடைவாய்ப் பல்லும் என் கைக்கு மாறிய காப்பும்

போன வருஷம், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வாரம். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் ஒரு சின்ன இரும்புப் பாலம் வரும். அதுதான் தோட்டத்து எல்லை. பாலத்தைத் தாண்டினால் ஃபெக்டரி, அதற்கு மேலே கோயில், அதற்கும் மேலே நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், எங்கள் லயம். நான் யூனிவர்சிட்டி கெம்பஸ் லீவில் வந்திருந்தேன். அண்ணன் கொழும்பிலிருந்து வந்தான். எப்போதும் வாசலிலேயே என் தலையில் ஒரு குட்டு வைப்பவன், அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேரே போய்ப் படுத்துவிட்டான்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று, ரோட்டில் போகிறவர்களைக் கூவிக் கூவி உள்ளே கூப்பிடுவதுதான் அவன் வேலை. மூன்று பாஷையிலும் கூவுவான். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறார். என் படிப்பு அவன் தொண்டையில் ஓடியது என்று சொன்னால் அது கவிதை இல்லை, உண்மை.

நான் ஏ.எல். பரீட்சை எழுதும்போது அவன் ஒரு வேண்டுதல் வைத்திருந்தான். தங்கச்சிக்குக் கெம்பஸ் கிடைத்தால் மூன்று வருஷம் வாயில் அலகு குத்துவதாக. ஒரு கன்னத்தில் ஏறி மறு கன்னத்தில் வெளியே வரும் வேல். இது மூன்றாவது வருஷம், கடைசி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படித்தது நான், இதில் அம்மனுக்கு என்ன வேலை என்று ஒவ்வொரு வருஷமும் சண்டை போடுவேன். படித்தது நீதான், ஆனால் பேப்பர் திருத்தியவனுக்கு நல்ல புத்தி கொடுத்தது ஆத்தா என்பான். இப்படிப் பேசுகிறவனிடம் எந்த பயோ சயன்சும் எடுபடாது.

மறுநாள் மாலை கோயிலில் காப்புக் கட்டு. காலையிலேயே அவனை இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு சிங்கள டொக்டர் மிஸ். படம் எடுத்துப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல், வேரில் சீழ். இன்றைக்கே பிடுங்க வேண்டும், மருந்து மட்டும் கொடுத்தால் சீழ் ஒளிந்துகொள்ளும், போகாது என்றார். கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்த அண்ணன் கையை நீட்டி அவரை நிறுத்தினான். பிடுங்கினால் இந்த வாரக் கடைசியில் கன்னத்தில் குத்தலாமா என்று கேட்டான். அவருக்குப் புரியவில்லை. இவன் விரலை ஒரு கன்னத்தில் வைத்து மறு கன்னம் வரை இழுத்துக் காட்டினான். அவர் கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டார்.

குத்தவே கூடாது என்றார். கோயிலிலும் அதே கதைதான். வாயில் பச்சைப் புண் இருந்தால் அலகு குத்த மாட்டார்கள். ஆக, பல்லைப் பிடுங்கினால் அலகு இல்லை. அண்ணன் கதிரையிலிருந்து இறங்கிவிட்டான். திருவிழா முடிந்ததும் வருகிறேன் மிஸ் என்று நல்ல மரியாதையாகச் சொன்னான். அவர் குளிசை எழுதிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கழுத்து வீங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ திருவிழாவைப் பார்க்காதே, அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு வா என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் அசையவில்லை.

"பல்லு எங்க ஓடிறப் போவுது? வாய்க்குள்ளதானே இருக்கு. ஒரு வாரம் கழிச்சு வந்து புடுங்கிக்கிறேன், போடி."

மாலையில் மஞ்சள் துண்டு வைத்த நூல் அவன் மணிக்கட்டில் ஏறியது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனுக்கு இனி உலகம் இல்லை.

குளிசை விஷயத்தை நான் கவனித்தபோது நேரம் போய்விட்டது. மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று உறையில் எழுதியிருந்தது. விரதத்தில் இவன் சாப்பிடுவது ஒரே வேளை. ஆகவே குளிசையும் ஒரு வேளை. இவனாகவே முடிவு பண்ணிக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே செய்து வந்திருக்கிறான்.

கன்னம் வீங்க ஆரம்பித்தது. இறம்பொடை அனுமாரு வாறாரு, வழி விடுங்க என்று லயத்துச் சின்னதுகள் கத்தின. அவனும் வாலை ஆட்டுவதுபோல ஆடிக் காட்டினான். மறுநாள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு இது பொன்னுக்குவீங்கி என்றார். காப்புக் கட்டிய வீட்டில் பொன்னுக்குவீங்கி என்றால் அம்மனே வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை, கழுத்தில் அரைத்த சந்தனம், யாரோ கழற்றிக் கொடுத்த தங்கச் சங்கிலி. அம்மன் இறங்கியிருக்கும் உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். இது பல், சீழ், டொக்டர் மிஸ் இதைத்தான் சொன்னார் என்று. கெம்பஸ் போய் வந்தால் ஆத்தாவையே எதிர்த்துப் பேசுவியா என்று கேட்டார்கள். எங்கள் அம்மா சந்தனத்தை மறுபடி அரைத்தார்.

அதற்கடுத்த காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தபோது நான் எழுந்து தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லையாம். மடியில் ஒரு பேசின், அதற்குள் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. விழுங்க முடியவில்லை. கழுத்தில் கை வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. வாய்க்குள் நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நீர் நிறைந்த குழாயில் காற்றை ஊதினால் வருமே, அப்படி ஒரு சத்தம் ஒவ்வொரு மூச்சுக்கும்.

எழும்பு, போவோம் என்றேன். தலையாட்டினான், மாட்டேன் என்று. பேச்சு வராததால் போனை எடுத்து டைப் பண்ணிக் காட்டினான்.

"இது உனக்காக கட்டுனது. நான் பாலம் தாண்டுனா அது உன் மேல வரும். எனக்கு வந்தா பரவால்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவன் சாமிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கவில்லை. எனக்காகப் பயந்து உட்கார்ந்திருக்கிறான். அப்படியெல்லாம் ஒன்றும் வராது என்று நான் சொன்னால், அவன் காதில் அது அவனைக் காப்பாற்ற நான் சொல்லும் பொய்யாகத்தான் விழும்.

கோயிலுக்கு ஓடினேன். பூசாரி அலகுகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்கண்ணே செத்துப்போயிடும், காப்பை அவுத்து விடுங்க என்றேன். சும்மா அவிழ்க்க முடியாது என்றார். பிறகு கையிலிருந்த அலகைக் கீழே வைத்தார்.

"வேண்டுதல் ஒன் பேருலதானே. நீ வாங்கிக்கிறதுன்னா மாத்திக் கட்டலாம். ஆனா அலகும் ஒனக்குத்தான், எல்லையும் ஒனக்குத்தான். யோசிச்சுக்க."

யோசிக்கவில்லை. பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, உடுத்த துணியோடு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன். பூசாரி பின்னாலேயே வந்தார். நடந்ததை அண்ணனுக்குச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. மூன்று வருஷமாகக் கிண்டல் பண்ணியவள்தானே நான்.

"நீ போ. நான் தாண்ட மாட்டேன். அலகும் குத்துவேன். சத்தியம்" என்றேன்.

அவன் கையை நீட்டினான். நூல் அவன் மணிக்கட்டிலிருந்து என் மணிக்கட்டுக்கு வந்தது. ஈரமாக இருந்தது.

கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்க வந்த கடைக்கார நானாவின் வேன் கோயிலடியில் நின்றது. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். மிச்ச மூட்டைகளை ரோட்டோரமே இறக்கிவிட்டு அண்ணனையும் அம்மாவையும் ஏற்றினார். நான் பின்னாலேயே ஓடினேன். பாலத்தில் வந்து நின்றேன். வேனின் பின் கண்ணாடி வழியாக அண்ணன் திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் கால் ஒரு அடி முன்னால் போயிருந்தால், அவன் கதவைத் திறந்து இறங்கியிருப்பான்.

லயத்தில் சிக்னல் கிடையாது. பாலத்தடியில்தான் கிடைக்கும். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மழை தூறியது, நின்றது. மத்தியானம் போல நானாவின் போன் கோல் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே அம்பியூலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம். இவரும் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே போயிருக்கிறார்.

"தங்கச்சி, டொக்டர் பேசணுமாம். ஒங்கம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க."

டொக்டர் சிங்களத்தில் வேகமாகப் பேசினார். சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சு வழியை அடைக்கிறது. வாய் வழியாகக் குழாய் போட இடமில்லை. கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைக்க வேண்டும், பிறகு சீழை எடுக்க வேண்டும். போட்டால் பிழைப்பாரா என்று கேட்டேன். அதை என்னால் சொல்ல முடியாது, போடாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியும் என்றார். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டார். வர முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குக் கேட்டது.

போன் அம்மாவிடம் போனது. அம்மா அழவில்லை. குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கழுத்த அறுக்கச் சொல்லி நான் எப்பிடிடி எழுதிக் குடுப்பேன்? நீ சொல்லு. நீதான் படிச்சவ. போடவா, வேணாவா?"

தொண்டையில் பிழைக்கிறவனின் தொண்டையில் கத்தி வைக்கச் சொல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்க்காமல், ஒரு பாலத்தடியில் நின்றுகொண்டு. பிழைக்காமல் போனால், அறுக்கச் சொன்னது தங்கச்சி என்று சாகும்வரை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும்தான்.

"போடுங்கம்மா" என்றேன். "இப்பவே போடுங்க."

கோல் கட்டானது. அந்தப் பக்கம் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைத் தெரிந்தவன், வாறீங்களா என்று கையசைத்தான். அண்ணன் இனி மயக்கத்தில்தான் இருப்பான், நான் ஏறினால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

தேர் அன்று அவன் இன்னும் கண் விழிக்கவில்லை. ஐ.சி.யு.வில்தான் இருந்தான். பீலிக்கரையில் பூசாரி என் கன்னத்தில் விபூதியை அழுத்தித் தேய்த்தார். நாக்கை உள்ள இழுத்துக்க என்றார். எல்லாரும் சொல்வதுபோல வலிக்காமல் இல்லை. நன்றாக வலித்தது. அருள் கிருள் ஒன்றும் வரவில்லை. வேல் ஏறிய வாயை மூட முடியாது. எச்சில் தாடை வழியாக இறங்கி ஓடியது. அண்ணன் மடியில் வைத்திருந்த பேசின் ஞாபகத்துக்கு வந்தது. அப்படியே நடந்தேன்.

காப்பு அவிழ்த்த அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குள் கண் விழித்திருந்தான். கழுத்தில் குழாய். பல்லை எடுத்துவிட்டார்கள், அதோடு பக்கத்தில் இன்னும் இரண்டையும். என் கன்னத்தில் காய்ந்திருந்த புள்ளியையே பார்த்தான். வலித்ததா என்று போனில் டைப் பண்ணிக் கேட்டான். இல்லை என்றேன்.

அவன் உயிரோடு இருக்கிறான். குழாயை எடுத்த பிறகு பழைய குரல் வரவில்லை. காற்றுப் போன டயர் மாதிரி ஒரு கரகரப்பு. துணிக்கடையில் கொஞ்ச நாள் நிற்க வைத்துப் பார்த்தார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். இப்போது எங்கள் ஃபெக்டரியிலேயே கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை. அங்கே யாரும் கூவத் தேவையில்லை. லயத்தில் ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்கிறார்கள். பூமாலையோடு நாங்கள் நன்றி சொல்லப் போனபோது அந்தப் பல் டொக்டர் மிஸ், அன்றைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் ஆஸ்பத்திரிகளில் யாராவது டொக்டர் சொன்னதைக் கேட்காமல் எழுந்து போவதைப் பார்த்தால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை; இந்த ஆள் யாருக்காகப் பயந்து எழுந்து போகிறார், அந்த யாரோவுக்கு இது தெரியுமா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.