சகலையை ரயிலேற்றப் போனேன்

பாவூர்சத்திரம் ரயில் நிலைய பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். தென்காசிக்குத் திரும்ப வண்டிக்காகக் காத்திருக்கிறேன்.

என் சகலை நாகர்கோவில்காரர். குற்றாலத்தில் இரண்டு நாள் குளித்துவிட்டுப் போக வந்தவர், சீசனையே குளித்துத் தீர்த்துவிட்டார். இன்று காலைதான் ஊருக்குக் கிளம்பச் சம்மதித்தார்.

தென்காசியில் வழியனுப்ப வருகிறவன்தான் முதலில் ஏறி இடம் பிடிக்க வேண்டும். மீட்டர் கேஜ் காலத்துப் பழக்கம். அப்போதெல்லாம் கிளம்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். இடம் பிடித்தவர்கள் இறங்கிவிடுவோம்.

இன்று ஜன்னலோரம் துண்டைப் போட்டு, பத்திரத்துக்கு அதன் மேல் நானே உட்கார்ந்து, "சகலை, ஏறுங்க" என்று கூப்பிட்டேன்.

"பொறுங்க, இந்த டீயைக் குடிச்சிட்டு வாரேன்."

எங்கள் ஊருக்கு அகலப்பாதை வந்தது, மின்சாரமும் வந்தது. பழக்கம் மட்டும் இன்னும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது. குலுக்கலே இல்லை. டீக்கடையும் சகலையும் மெல்லப் பின்னால் நகர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

கூட்டத்தில் இடிபட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பாவூர்சத்திரம்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தாள்.

"அத்தான் பெட்டியோட திரும்பி வந்துட்டாங்க. ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம்லா, குளிக்கப் போயிருக்காங்க. நீங்க எங்க நிக்கிய?"

சொன்னேன்.

"அப்ப அங்கன மார்க்கெட்ல நல்ல கத்தரிக்காயா வாங்கிட்டு வாங்க. அத்தானுக்குப் பிடிக்கும்."

நாளைக் காலை வண்டியில் இடம் பிடிக்க யாராவது வருகிறீர்களா? நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நிற்கிறேன்.