கரட்டடி வீட்டுக்கு ஒரு ரேடியோ

பொண்டாட்டியை அடக்கம் பண்ணின அன்னைக்கு ஆரோக்கியதாஸ் ஒரு காரியம் செஞ்சார். பெட்டியை மூடப் போற நேரம். ஆனந்தமேரி கையில ஜெபமாலையைச் சுத்தியாச்சு, கல்யாணச் சேலையைப் போர்த்தியாச்சு. "அவங்க புழங்கின சாமான் எதுவும் வைக்கணுமா?"ன்னு கூட்டத்துல யாரோ கேட்டாங்க. மனுசன் விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போனார். ஜன்னல் திட்டுல இருந்த ரேடியோவை எடுத்தாந்து அவ தலைமாட்டுல வச்சுட்டார். பேட்டரியைக் கூடக் கழட்டல. "அப்பா, அது எதுக்குப்பா?"ன்னு மக ஏஞ்சலின் கேட்டதுக்கு, "அவளுக்கு அதுன்னா உசுரும்மா"ன்னார். அம்புட்டுதான். ஆணி அடிச்சாச்சு.

ஊரே அழுதுச்சு, அவருக்கு மட்டும் ஒரு சொட்டு வரல. கல்நெஞ்சுன்னு சொல்லிராதீங்க. பல்லு புடுங்க ஊசி போட்டா, கன்னம் இருந்தும் இல்லாத மாதிரி இருக்குமே, அப்படித்தான் மொத்த ஆளும் கிடந்தார். காபி குடுத்தா குடிச்சார். எந்திரின்னா எந்திரிச்சார். குழியில மண்ணு போடச் சொன்னாங்க, போட்டார். கையைக் கழுவச் சொன்னாங்க, கழுவினார்.

ஆளு வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லுல தலை நரைக்கிற வரைக்கும் வேலை பார்த்தவர். மிஷின் இரைச்சல்லயே பாதிக் காது போயிருச்சு. வேலையில இருந்து நின்னதும், வந்த காசுல திண்டுக்கல் டவுனுக்குக் கிழக்கே, சாணார்பட்டி ரோட்டுல, மொட்டைப் பாறைக் குன்றா நின்ன ஒரு கரட்டை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினார். மனை ஏன் மலிவா விழுந்துச்சுன்னு குடி வந்தப்புறம்தான் புரிஞ்சுது. கொடைக்கானல்ல இருந்து வர்ற எஃப்எம் அந்தக் கரட்டுல முட்டிக்கிட்டு நின்னுரும். செல்போனும் அப்படித்தான். ஒரு போன் பேசணும்னா மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறணும். ஏஞ்சலின் ஆயக்குடியில வாக்கப்பட்டவ. அப்பா ஒவ்வொரு தடவையும் தொட்டி மேல நின்னு கத்துறதைக் கேட்டு அவ மாமியார் வீடே சிரிக்கும்.

ஆனா ஆனந்தமேரியோட ரேடியோ மட்டும் எப்படியோ பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பொழுது சாஞ்சு அவர் சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்ததும் அவ ஜன்னலுக்குப் போயிருவா. நாலு பாட்டு, நடுவுல ஒரு பொம்பளப் பிள்ளை சிரிச்சுச் சிரிச்சுப் பேசும், அப்புறம் செய்தி. எல்லாம் காதைப் பொளக்குற சத்தத்துல. மில்லு இரைச்சல்ல சாப்பிட்டுப் பழகின மனுசனுக்கு அப்பத்தான் சோறு இறங்கும், குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிடுவார். அவர் சாப்பிட்டு எந்திரிக்கிற மட்டும் அவ ஜன்னலை விட்டு நகரமாட்டா. "பாட்டுன்னா உனக்குச் சோறு தண்ணி வேணாம்டி"ம்பார். அவ சிரிச்சுக்கிருவா.

இப்ப அந்த வீட்டுல அவர் மெல்லுற சத்தம் அவருக்கே கேட்டுச்சு. ஒரு வாய் வச்சா தொண்டையிலயே நிக்குது. பாதிச் சோறு அடுத்த வீட்டுக் கோழிக்குத்தான் போச்சு. பார்க்க வந்த ஏஞ்சலினுக்குப் பகீர்னு ஆயிருச்சு.

"துரும்பா இளைச்சுட்டீங்கப்பா. முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச கையோட வீட்டைப் பூட்டிட்டு என்கூட வாங்க."

"அவ இருந்த வீட்டைப் பூட்டச் சொல்லாத தாயி. ஒரு ரேடியோ வாங்கிட்டா எனக்குச் சோறு இறங்கிரும். நான் இங்கயே கிடந்துக்கிறேன்."

"சரி, அதையும் பார்ப்போம். பூசையன்னைக்கு ரேடியோ பாடணும், நீங்க என் கண்ணு முன்னாடி வயிறாரச் சாப்பிடணும். இல்லேன்னா மறுபேச்சே கிடையாது."

மறுநாளே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நூர் முகமது கடையில போய் நின்னார். டார்ச் லைட்டு, எமர்ஜென்சி லைட்டு, கொசு பேட்டு விக்கிற கடை. ரேடியோ கடைசி அலமாரியில தூசி அடைஞ்சு கிடந்துச்சு.

"அண்ணே, இப்ப ரேடியோ கேட்டு யாருண்ணே வாரா?"ன்னுக்கிட்டே நூர் முகமது உள்ளங்கை அகலத்துல ஒண்ணை எடுத்து முடுக்கினார். கணீர்னு பாடுச்சு. ஆரோக்கியதாஸ் அதை மடியில வச்சு பஸ்ஸுல கொண்டுபோய் வீட்டுல முடுக்கினா, கர்ர்ருங்குது. திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதே கர்ர்ருதான். மறுபடி கடைக்கே தூக்கிட்டுப் போனார்.

"கடையில பாடுச்சே பாய்!"

"கடைக்குப் பின்னாடி கரடா இருக்கு? ஒண்ணு செய்வோம்ணே. பென் டிரைவுல பாட்டு ஏத்தித் தாரேன். டவரு கிவரு ஒரு மண்ணும் வேணாம்."

அதுவும் வீட்டுக்கு வந்துச்சு. நல்லாத்தான் பாடுச்சு. ஆனா ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டு, அது முடிஞ்சா இன்னொண்ணு. நடுவுல பேச ஒரு நாதி இல்ல. "பாய், அதுல ஆளே இல்ல"ன்னு கொண்டுபோய்க் குடுத்துட்டார். நூர் முகமது அவரை ஒரு மாதிரி பார்த்தார். உள்ள போய்க் கைப்பிடி வச்ச பெரிய ரேடியோவை எடுத்தாந்தார். ஏரியல் கம்பியை இழுத்தா கை நீளத்துக்கு வருது.

"இருக்கிறதுலயே பெருசு இதுதாண்ணே. இதுக்கும் எடுக்கலேன்னா கரட்டைத்தான் வெடி வச்சுத் தகர்க்கணும்."

அதைப் பீரோ மேல வச்சுப் பார்த்தார். மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சார். அடுப்படியில வச்சார். கடைசியில அந்த ஜன்னல் திட்டுலயே வச்சார். கம்பியைத் திருப்புறப்போ பாட்டு வரும். அப்பாடான்னு தட்டு முன்னாடி வந்து உக்காந்தா போயிரும். எந்திரிச்சுப் போய்த் தொட்டா மறுபடி வரும். "ஆளைப் பார்த்து வேலை காட்டுது சனியன்"னு நினைச்சார். கோவம் கூட வரல. அந்தக் கர்ர்ரு சத்தத்துலயே உக்காந்து ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டை ஒதுக்கி வச்சார். இப்படியே பூசை நாளும் வந்துருச்சு.

பூசை முடிஞ்சு, கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்தி, சொந்தக்காரங்க எல்லாம் போனப்புறம் ஏஞ்சலின் கருவாட்டுக் குழம்பும், வெஞ்சனத்துக்கு அவரைக்காயும் வச்சா. அப்பாவை உக்கார வச்சு, சோறு போட்டு, "எங்க, உங்க ரேடியோவைப் பார்ப்போம்"னு முடுக்கினா. கர்ர்ருங்குது. அவர் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். ஒரு வாயும் வைக்கல.

"போதும்பா. துணிமணியை எடுத்து வைக்கிறேன்"னு ரேடியோவையும் சேர்த்து மூட்டை கட்டப் போனா. கம்பியை மடக்கத் தொட்டாளோ இல்லையோ, வீடு அதிரப் பாட்டு வந்துச்சு. கையை எடுத்தா, போச்சு. வச்சா, வந்துச்சு.

"ஏப்பா! கையை வச்சாப் பாடுதுப்பா! நீங்க சாப்பிடுங்க, நான் புடிச்சுக்கிறேன்!"

அவ சுவத்துல சாஞ்சுக்கிட்டு, ஒரு கையைத் தூக்கிக் கம்பியைப் புடிச்சபடி நின்னா. பாட்டு முடிஞ்சு அந்தப் பொம்பளப் பிள்ளை சிரிச்சுப் பேச ஆரம்பிச்சுச்சு. ஆரோக்கியதாஸ் ஒரு வாய் வச்சார், இறங்கிருச்சு. இன்னொரு வாயும் இறங்கிருச்சு. செத்த நேரம் கழிச்சு நிமிர்ந்து பார்த்தார். ஏஞ்சலின் கையை மாத்திக்கிட்டா. அவ தலை சாஞ்சிருந்த எடத்துல, சுவத்துல ஒரு எண்ணெய்க் கறை. ஆனந்தமேரி தலை பட்டுப் பட்டு விழுந்த கறை.

"கை வலிக்குதாம்மா?"

"மரத்துப் போச்சுப்பா. பரவால்ல, நீங்க சாப்பிடுங்க."

தினம் படுக்கிறதுக்கு முன்னாடி ஆனந்தமேரி தோள்பட்டையில தைலம் தேய்ப்பா. வயசாச்சுல்ல, வாதமா இருக்கும்னு நினைச்சிருந்தார். அவ எப்பவும் இவர் சாப்பிட்டப்புறம், ஆறின சோத்தைத் தின்னதையும் பொம்பளைங்க பழக்கம்னுதான் நினைச்சிருந்தார். அவ பாட்டுக் கேக்க நிக்கல. இவருக்குச் சோறு இறங்கணுமேன்னு நின்னிருக்கா.

பிசைஞ்ச கை தட்டுலயே இருக்க, ஆரோக்கியதாஸ் பெருங்குரலெடுத்து அழுதார். ஏஞ்சலின் பதறிப்போய்க் கம்பியை விட்டுட்டு ஓடியாந்தா. ரேடியோ கர்ர்ருன்னு இரைஞ்சுது.

"அங்கயும் போய்ப் புடிச்சுக்கிட்டு நில்லுடின்னு அந்த ரேடியோவையும் கூட வச்சு அனுப்பிட்டேனே தாயி!"

மக புரிஞ்சும் புரியாம அவர் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா. அழுது ஓஞ்சப்புறம் அவர் எந்திரிச்சுக் கையைக் கழுவினார். இன்னொரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, குழம்பை ஊத்தி மக முன்னாடி வச்சார்.

"நாளைக்கு உன்கூட வாரேன். இந்த வீட்டுல ரேடியோ கேக்க ரெண்டு பேரு வேணும். இப்ப நீ உக்காந்து சூடாச் சாப்பிடு."

"நீங்கப்பா?"

"நான் புடிச்சுக்கிறேன்"னுட்டு ஜன்னலுக்குப் போய் நின்னார்.