ஒரு பாடம் தவறினால்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த அமெரிக்க ஆசிரியை, அன்று பிற்பகல் ரயிலில் கொழும்புக்குப் போய்க் கப்பலேற இருந்தார். தன் ஊர்க் கல்லூரியொன்றில் எனக்கு இடம் பிடித்து, தங்கவும் சாப்பிடவும் வழி செய்துவிட்டு, அப்பாவின் சம்மதம் கேட்கக் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா மறுத்தால் அந்த இடம் வேறொருத்திக்கு. வாசலில் வாடகைக் கார் காத்து நின்றது.

ஆசிரியை கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைத் தொடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் வேண்டுமென்றே, ஆசிரியைக்குப் புரியாத தமிழில், என்னிடம் மட்டுமே பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டே வருஷத்துல முடியிற காலேஜ் என்ன காலேஜ்? பாதிப் படிப்புத்தானே.”

“பாதியில்லப்பா. அந்த ரெண்டு வருஷத்த முடிச்சிட்டு, பெரிய யுனிவர்சிட்டியில நேரா மூணாம் வருஷத்துல சேரலாம். சேராட்டியும் முடிச்சதுக்குச் சர்டிபிகேட் உண்டு.”

“பேப்பர யாரு திருத்துறது?”

“படிப்பிக்கிறவங்கதான்.”

அப்பா சிரித்தார். எங்களுக்குப் பரீட்சை என்றால் விடைத்தாள்கள் முத்திரை வைத்துக் கப்பலில் லண்டன் போக வேண்டும். முகம் தெரியாத யாரோ திருத்த வேண்டும்.

“சொல்லிக்குடுத்தவங்களே மார்க் போட்டா அதுக்குப் பேரு பரீட்சையா?” என்றார்.

கார்க்காரர் ஹார்ன் அடித்தார். ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.  வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஒரு பாடத்துல ஃபெயிலானா அங்க அத மட்டும் திரும்பப் படிச்சாப் போதும்ப்பா. பாஸானது எதுவும் வீணாப் போகாது.”

அப்பாவின் முகம் மாறியது. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. லண்டன் இன்டர்மீடியட் பரீட்சையில் லத்தீன் ஒன்றில் மட்டும் தவறியதற்காக, எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுதியவர் அவர். இரண்டாம் தடவையும் லத்தீன்தான் காலை வாரியது. அதோடு படிப்பை விட்டுவிட்டுக் கச்சேரி வேலைக்குப் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் குத்திக்காட்டியதாக நினைத்திருப்பார், இனி எல்லாம் போயிற்று என்று பட்டது.

அப்பா தரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

“அங்க எத்தன வயசு வரைக்கும் சேத்துக்கிறாங்க?”

அவர் எனக்காகக் கேட்கவில்லை. அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

அப்பா என்ன சொல்கிறார் என்று ஆசிரியை கேட்டார்.

“நான் போகலாமென்று சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்பா மறுக்கவில்லை.