முள் எழுந்த வளைவு

எங்கள் வீட்டுக்கு அந்தப் பழைய வெள்ளைக் கார் வந்தபோது, அதை யார் ஓட்டுவது என்று அப்பா யோசித்திருக்கவில்லை. சேலத்திலிருந்து கடைக்குச் சரக்கு எடுத்துவர ஒரு வண்டி வேண்டும் என்பதோடு அவர் யோசனை முடிந்துவிட்டது. ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தாலும் அவருக்கு மலைப்பாதை ஆகாது. முதல் வளைவில் மூடிய கண்ணைக் கடைசி வளைவு தாண்டித்தான் திறப்பார். அம்மா யாரிடமும் கேட்காமல் டிரைவிங் கிளாஸில் போய்ச் சேர்ந்தாள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். கார்தான் சதி செய்தது. சரக்கோடு பாதி மலை ஏறியதும், சுவிட்சை அணைத்ததுபோல் இன்ஜின் நின்றுவிடும். முன்கூட்டி ஒரு இருமல், ஒரு குலுக்கல்கூட இருக்காது. ஓரமாக ஒதுக்கி, குரங்குகளுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருப்போம். இன்ஜின் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மெக்கானிக்கின் வாசலில் அது பரம சாது. பிளக் மாற்றிப் பார்த்தார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், கடைசியில் பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். அடுத்த முறை சரக்கு எடுத்து வரும்போது மறுபடியும் வளைவில் நின்றது.

சேலத்தில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பொம்பள ஓட்டற வண்டி வேற எப்படிங்க மாப்ள இருக்கும்? அம்மிணி கிளட்ச்ச உட்டுக் காலையே எடுக்கறதில்ல."

அப்பா தலையாட்டினார். கிளட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. காரை வாங்கிக்கொள்ள மாமாவே ஒரு ஆளையும் பிடித்து வைத்தார்.

வேலை முடிந்ததும் அம்மா செல்போனில் கார் ரிப்பேர் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தாள். கார் நிற்கும்போதெல்லாம், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளை நான் கவனிக்க வேண்டும்.

"சாவியத் திருப்பறப்ப முள்ளு எந்திரிச்சுதா கண்ணு?"

"இல்லம்மா. படுத்தே கெடந்துச்சு."

"அப்பச் சரி" என்றாள். எது சரி என்று சொல்லவில்லை.

அந்த வாரம் மலையடிவாரத்தில், குப்பனூரில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மாமா எங்களோடு ஏற்காட்டுக்குக் கிளம்பினார்.

"நான் ஓட்டறேன். எப்படி நிக்குதுன்னு பாக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். முன் சீட்டில் அப்பா, மூடிய கண்களோடும் மடியில் தண்ணீர் பாட்டிலோடும். பின்னால் நானும் அம்மாவும். கிளட்ச்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று மாமா பாடம் நடத்திக்கொண்டே ஏறினார். பாடம் முடிவதற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் நின்றது.

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மாமா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஜின் உறுமிச் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. பின்னால் வந்த பஸ் திரும்ப இடமில்லாமல் நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டரும் பயணிகளும் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெட்ரோலில் கலப்படம் என்றார் மாமா.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள்.

"அண்ணா, சாவியத் திருப்பிட்டு முள்ளப் பாருங்க. எந்திரிக்குதுங்களா?"

"வண்டி நிக்கறதுக்கும் முள்ளுக்கும் என்ன அம்மிணி?"

"எந்திரிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல."

"இன்ஜின் சுத்தறது நம்ம காதுக்குக் கேக்குது. வண்டியோட கம்ப்யூட்டருக்குத் தெரியல. சுத்துதுன்னு அதுக்குச் சொல்ற சென்சார் சூடானாச் செத்துப்போகுதுங்ணா. அது சொல்லாம கம்ப்யூட்டரு பெட்ரோலும் உடாது, கரண்டும் குடுக்காது." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, அந்தத் தண்ணியக் குடுங்க."

அப்பா கண்ணைத் திறக்காமலேயே பாட்டிலை நீட்டினார்.

செல்போன் வெளிச்சத்தை நான் பிடித்தேன். இன்ஜினின் அடியில், இடுக்குக்குள், கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. அதன்மேல் அம்மா சிறுகச் சிறுக ஊற்றினாள். ஆவி கிளம்பியது. பாட்டில் பாதியானதும் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்காரர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இப்பத் திருப்புங்க."

நான் ஜன்னல் வழியாகத் தலையை விட்டேன். முள் துள்ளி எழுந்தது.

"எந்திரிச்சிருச்சும்மா! எந்திரிச்சிருச்சு!"

இன்ஜின் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் பழக்க தோஷத்தில் ரைட் விசில் கொடுத்தார். பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள். அம்மா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, "பின்னால உக்காருங்கண்ணா" என்றாள். மாமா எழுந்து பின்னால் வந்தார். "சூடுதான் காரணம்னு நான் அப்பவே நெனச்சேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். வழியில் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றி, அம்மா எங்களை வீடு சேர்த்தாள்.

புது சென்சார் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. ஒரே ஒரு போல்ட்தான். அம்மாவே கழற்றினாள், அம்மாவே மாட்டினாள். 'டக்'கென்று ஒயர் பொருந்திய சத்தம் கேட்டதும் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று அப்பா மாமாவுக்கு போன் செய்து, "வண்டி குடுக்கறதில்லீங்க" என்றார். அந்தக் காரைப் பற்றி அவர் சொந்தமாகச் சொன்ன முதல் கருத்து அது.

மறுநாள் காலை, சோதித்துப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு குப்பனூர் வரை இறங்கி, நிற்காமல் ஏறினாள். அந்த வளைவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முள் படுக்கவில்லை. அம்மா ஹாரனை நீளமாக அடித்தாள். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

ஊருக்குள் வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் செம்மநத்தம் சாலையில் விட்டாள். அங்கே பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். யாராவது அழைத்துப்போனால்தான் அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்வார்கள். மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா காருக்குள் எட்டி டிரைவரைத் தேடினாள்.

"யாரு கூட்டியாந்தது?"

"நானேதான்க்கா."

பெரியம்மா கையைச் சேலையில் துடைத்தாள். வீட்டுக்குள் திரும்பிக்கூடப் பார்க்காமல், என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கக்கா போலாம்?"

"எங்கியாச்சும் போ. நேராப் போ."

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அம்மா ஓட்டினாள். இருவரும் காரணமில்லாமல் சிரித்தார்கள். பறிபோன சீட்டுக்காக ஆத்திரத்தோடு, எங்கே போகிறோம், எங்கே போகிறோம் என்று நான் நச்சரித்தேன். "செத்த இரு சாமி" என்றாள் பெரியம்மா. இரண்டு பேருக்குமே வழி தெரியவில்லை, அதை மறைக்கத்தான் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, திரும்பும் பாதையை அடையாளம் வைத்துக்கொண்டே வந்தேன்.