ஏழு பி-யின் லீடர்

ராஜவேல் ஏழு பி வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இப்போது டெல்லி துவாரகாவில் ஒற்றை அறை, மெட்ரோவில் ஒரு மணி நேரம், அப்புறம் தமிழ்ப் பள்ளி. ஸ்டாஃப் ரூமுக்கு யார் புதிதாக வந்தாலும் ஒரு கதை சொல்வார். எட்டாம் வகுப்பில் ஊரிலேயே பெரிய முரடன் அவர்தான். அடித்தடித்து ஓய்ந்துபோன வாத்தியார் ஒருநாள் பிரம்பை அவர் கையிலேயே கொடுத்து, "இனிமே நீதான்டா லீடர்" என்றார். அன்றைக்குத் திருந்தியவர் பி.எஸ்சி., பி.எட். என்று டெல்லிவரை வந்துவிட்டார்.

ஆகவே ஜூலையில் தன் வகுப்புப் பையன் அர்ஜுனைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. ஷ்ரவண் என்ற பையன் கொஞ்சம் திக்கிப் பேசுவான். அவனைப்போல் பேசிக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது அர்ஜுனின் வேலை. "கிளாஸ் அமைதியா இருக்கணும், அது உன் பொறுப்பு" என்று அர்ஜுனையே லீடராக்கினார் ராஜவேல்.

இன்னொன்றும் செய்தார். வராந்தாவில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. அதில் சீட்டுப் போடுகிறவனை ஊரே பார்க்கும். சாயங்காலத்துக்குள் 'சுகல்கோர்', கோள்சொல்லி என்று பேர் விழுந்துவிடும். "கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதுங்க. நான் மட்டுந்தான் படிப்பேன்" என்றார் வகுப்பில்.

ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை. வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. மாதாமாதம் புகார் ரிஜிஸ்டரில் 'புகார் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் பெருமையாகவே போட்டார்.

நவம்பரில் ஷ்ரவணின் அம்மா வைதேஹி ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கையில் டி.சி. கேட்டு மனு.

"கார்த்தாலே எழுந்தா வயித்த வலிங்கறான், சார். ஸ்கூல் பேரைச் சொன்னா வாந்தி. இப்போ ஆத்துலகூட வாயைத் தொறக்கறதில்லை."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா. கடைசிப் பக்கம் எதுக்கு இருக்கு?"

வைதேஹி பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து வைத்தார். கடைசித் தாள்கள் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூணு தடவை எழுதினானாம். நோட்டையெல்லாம் சேர்த்து உங்க டேபிளுக்குக் கொண்டு வரது யாரு, சார்?"

லீடர்.

அர்ஜுனைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தத் தாளையெல்லாம் என்னடா பண்ணின?"

"நீங்க இல்லாதப்ப கிளாஸ்ல படிச்சேன், சார். அவன் மாதிரியே. எல்லாரும் சிரிச்சாங்க. சும்மா மஸாக், வேடிக்கைக்குத்தான், சார்." பிறகு நிஜமாகவே புரியாதவன்போல், "கிளாஸ் அமைதியா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

ராஜவேலுக்குக் கோபம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் கொடுத்த அந்தப் பிரம்பின் வழவழப்பு கைக்கு நினைவு வந்தது. அந்த வகுப்பில் முன் பெஞ்சில் ஒல்லியாக ஒருவன் இருந்தான். தினமும் அந்தப் பிரம்பால் அவனுக்குத்தான் அடி. காலாண்டு லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. ஏனென்று லீடரான ராஜவேல் கேட்கவும் இல்லை. சட்டைப் பொத்தானுக்குப் பதில் அவன் குத்தியிருந்த ஊக்கு நினைவில் இருந்தது. அவன் பேர் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அர்ஜுனை அனுப்பிவிட்டு, "தப்பு என்னோடதும்மா. அவனை லீடராக்குனது நான்தான். பத்து நாள் குடுங்க, சரி பண்ணிடறேன்" என்றார்.

"குடுக்கலாம், சார். ஆனா நாளைக்குக் கார்த்தாலே அவனை எழுப்ப வேண்டியது நான்தானே?" மனுவை மேஜையில் வைத்துவிட்டு வைதேஹி எழுந்து போனார்.

மறுநாள் ஏழு பி-யில் லீடர் இல்லை. ராஜவேலே பெஞ்சு பெஞ்சாகப் போய் நோட்டுகளை வாங்கி, மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். ஷ்ரவண் இடம் காலியாக இருந்தது.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டையும் பின்னாலிருந்து திறந்தார். ஷ்ரவணைத் தவிர இன்னும் ஏழு பேரின் நோட்டில் கடைசித் தாள் இல்லை.

ரிஜிஸ்டரை எடுத்தார். போன மாதம் எழுதிய 'புகார் ஏதுமில்லை'க்குக் கீழே, முதலில் ஷ்ரவண், அப்புறம் அந்த ஏழு பேர் என்று எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பேரையும் எழுதுமுன் ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.