பஸ் வராத காலை

பனியே பார்க்காத ஹூஸ்டனிலிருந்து பிளெய்ன்ஸ்பரோவுக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு அது முதல் குளிர்காலம். மகளுக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். மனைவி அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தாள்.

காலையில் கதவைத் திறந்தால் எங்கும் பனி. எங்கள் கார் எதுவென்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருடைய காரைப் பாதி சுரண்டிய பிறகுதான் என் தவறு புரிந்தது.

“அப்பா, இஸ் இட் எ ஸ்னோ டே? நோ ஸ்கூல்?”

“இது என்ன மெட்ராஸா, நாலு தூறலுக்கு லீவு விட? ரோடெல்லாம் க்ளீன் பண்ணிட்டான் பாரு!”

பெருமையாகத்தான் சொன்னேன். பள்ளி மூடினால் டிவியில் அறிவிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. குடியிருப்பு வாசலில்தான் பள்ளி பஸ் வரும். வழக்கமாக அது வரும்வரை நான் கூடவே நிற்பேன். அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

“பஸ் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு. யார் கூப்ட்டாலும் போகாதே.”

“ஓகே.”

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் தாமதம். பள்ளி இல்லாததால் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது.

திரும்பும் வழியில் கார் இரண்டு முறை வழுக்கியது. என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன்.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். மாடிவீட்டு ஆன்ட்டி, நைட்டிக்கு மேல் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்குக் குடை பிடித்திருந்தார்.

“என்ன சார் நீங்க! டிவி பாக்கலையா? உள்ள வாடி, சூடா பால் தரேன்னா நகர மாட்டேங்கறா. அப்பா சொல்லிட்டாராம்!”

மகள் என்னைப் பார்த்து, “தி பஸ் இஸ் லேட்” என்றாள்.

வீட்டில் சாக்ஸைக் கழற்றினேன். கால்விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான நீரில் வெகுநேரம் வைத்த பிறகுதான் சிவந்தன. வலியில் துடித்து அழுதாள்.

“அப்பா தப்பா சொன்னா கேக்காதே கண்ணு.”

அழுகையை நிறுத்தி யோசித்தாள். “ஹவ் வில் ஐ நோ?”

இப்போது பெரியவளாகி, தோழிகளிடம் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் எழுந்து போய்விடுகிறேன். அன்று அவள் கேள்விக்கு, “இனிமே அப்பா தப்பா சொல்லவே மாட்டேன்” என்றேன்.

அதையும் நம்பினாள்.