முட்டை எப்படி உடைப்பீக?

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கம்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோதுதான் இறங்கி வந்து எடுத்தேன். ஷீலா. ஜெசிந்தா அக்காவின் ஒரே மகள், சின்னமனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

“சித்தி, அம்மா போயிட்டாக.”

“எங்க போயிட்டாக?” என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டேன். அந்தப் பக்கம் ஷீலா வாய்விட்டு அழுத பிறகுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது. அதன் பிறகு அவள் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. இரண்டாவது முறை பக்கவாதம், தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது, மாலையில் ராயப்பன்பட்டியில் அடக்கம். அவ்வளவுதான் நினைவில் நின்றது.

ஜெசிந்தா அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருடம் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர் அவர். அதே லேபில் முன்மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டு, ரிப்போர்ட் அச்செடுத்துக் கொடுத்தவள் நான். பழனிசெட்டிபட்டியில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடுகளில் பதினோரு வருடம் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் வீட்டில் தாளிக்கும் சத்தம் என் வீட்டில் கேட்கும்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கை நினைவிருக்கும். நரம்பே அகப்படாத கிழவர்களுக்கும், பயத்தில் கை சுருங்கிப்போன பெண்களுக்கும் அந்தக் கை ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடித்துவிடும். “அந்த அக்கா இருக்காகளா? அவுக வர்ற வரைக்கும் இருக்கேன்” என்று சொல்லி வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வடுகபட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பூண்டு வியாபாரக் குடும்பம். ஊசியைப் பார்த்ததுமே கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். கூட வந்த வீட்டுக்காரர் அதட்டினார். அக்கா அவரை வெளியே அனுப்பிவிட்டு, அந்த அம்மாவின் கையை மெதுவாக இழுத்து ரப்பர் பட்டையைக் கட்டியபடியே கேட்டார்.

“ஆத்தா, வீட்ல முட்டை எப்படி உடைப்பீக?”

அழுகை நின்றுவிட்டது. “என்னது?”

“முட்டை ஆத்தா. ஆம்லேட் போடணும்னா எதுல தட்டுவீக?”

“தோசைக்கல்லு ஓரத்துல.”

“ஓடு உள்ள விழுகாதா?”

“விழுகும். எடுத்துருவேன்.”

“விரலால எடுத்தா வழுக்கிக்கிட்டுல்ல போகும்?”

“விரலால ஏன் எடுக்கணும்? உடைஞ்ச பாதி ஓடு கையில இருக்குல்ல, அதால அள்ளுனா ஒட்டிக்கிட்டு வந்துரும்.”

“அட, இது எனக்குத் தெரியாதே! சரி ஆத்தா, பஞ்ச அமுக்கிப் பிடிச்சுக்கங்க.”

அந்த அம்மா குனிந்து பார்த்தார்கள். “குத்திட்டீகளா?” என்றார்கள். இரண்டு டியூப் ரத்தம் எடுத்து முடிந்திருந்தது.

எத்தனையோ பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டதாக அக்கா சொல்வார். பதிலை மறக்கவே மாட்டார். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை பார்க்க மறுபடி வருகிறவர்களின் பெயர் நினைவிருக்காது. “தனம், கரண்டிக்காம்பு அம்மா வந்திருக்காக, சீட்டுப் போடு” என்பார். கத்தியின் முதுகால் ஒரே போடு போடுகிறவர், டம்ளர் விளிம்பில் தட்டுகிறவர், சமையல் மேடையில் தட்டிக் கட்டைவிரலால் பிளக்கிறவர், சுவரில் தட்டுகிறவர் என்று எல்லோரும் அவருக்குத் தனித்தனி ஆட்கள். குமுளிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, வெறும் நகத்தால் கீறியே உடைப்பேன் என்றார்கள். அதை நம்பாமல் அக்கா அன்று சாயங்காலம் வீட்டில் செய்து பார்த்து, இரண்டு முட்டையை வீணாக்கினார்.

ஏன் முட்டையைப் பற்றியே கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

“வலிக்குதான்னு கேட்டா வலிக்கும். புள்ளைகளப் பத்திக் கேட்டா, சில பேருக்குப் புள்ளை இருக்காது. ஊரப் பத்திக் கேட்டா, அங்கன நிலத் தகராறு இருக்கும். முட்டைன்னா யாருக்கும் துக்கம் இல்ல தனம்.”

முட்டை சாப்பிடாத வீட்டுக்காரர்களிடம் தேங்காயைப் பற்றிக் கேட்பார். “ஆனா அதுல அவ்வளவு ரகம் இல்ல” என்று குறைப்பட்டுக்கொள்வார்.

அக்கா தன் வீட்டில் உடைக்கும் விதமே வேறு. ராயப்பன்பட்டியில் அவருடைய அம்மா செய்வதுபோல, இரண்டு முட்டையை இரண்டு கையில் எடுத்து ஒன்றோடொன்று முட்டுவார். ஒன்றுதான் உடையும். மற்றது அப்படியே இருக்கும். உடைந்ததை முதலில் டம்ளரில் ஊற்றி, முகர்ந்து பார்த்து, பிறகுதான் பாத்திரத்தில் சேர்ப்பார். உடையாமல் நின்ற முட்டையை அடுத்த முட்டையோடு மோதவிடுவார். கடைசிவரை உடையாமல் ஜெயித்த முட்டையை அன்றைக்குச் சமைக்க மாட்டார். “பாவம், பிழைச்சுப் போகட்டும்” என்று கூடையில் திரும்ப வைத்துவிடுவார். நான் வாணலி விளிம்பில் தட்டுகிறவள். எப்படித் தட்டினாலும் ஓட்டுத் துண்டு உள்ளே விழும். “உன் ஆம்லேட்ல கால்சியம் ஜாஸ்தி. அருளுக்கு ரிப்போர்ட் எடுத்துப் பாக்கணும்” என்பார். அருள் அண்ணன் அவருடைய கணவர், பைக் மெக்கானிக். என் ஆம்லேட்டில் அவருக்கும் ஒரு பங்கு போகும். அதிகம் பேச மாட்டார். இதற்கு மட்டும் சிரித்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. லேபில் நல்ல கூட்டம். உள்ளே டியூப் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. அக்கா கையிலிருந்து டியூப் விழுந்து நான் கேட்டதே இல்லை. எழுந்து ஓடினேன். நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் கோணியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்து, குழறிக் குழறி ஒன்று கேட்டார்.

“தனம், என் கை எங்க?”

அவர் மடியிலிருந்து அதை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். “இங்கன இருக்குக்கா, இங்கன இருக்கு” என்றேன். நான் பிடித்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு நரம்பு அகப்படவில்லை. மூன்று இடத்தில் குத்திவிட்டாள். அவளுக்கே கண்ணில் நீர் கட்டிவிட்டது. அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோணிய வாயால், ஒவ்வொரு எழுத்தாக, “நீ... முட்டை... எப்படிம்மா உடைப்ப?” என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

பேச்சு இரண்டு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கவும் ஆரம்பித்தார். வலது கை மட்டும் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொன்ன அன்று அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அருள் அண்ணனிடம் ஒரு டஜன் முட்டை வாங்கி வரச் சொன்னார்.

இடது கையால் உடைத்துப் பழகப் போகிறாராம். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். தட்டும் சத்தம், ஏதோ உருளும் சத்தம், தரையில் ‘சொத்’தென்று விழும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதிதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எட்டிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, உடைந்து வழிந்ததை ஒற்றைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். நைட்டியெல்லாம் மஞ்சள்கரு.

மறுநாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். ஆறு முட்டையை என் வீட்டிலேயே உடைத்து, ஓட்டுத் துண்டெல்லாம் பொறுக்கிவிட்டு, ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டு போனேன்.

“அக்கா, உடைச்சுக் கொண்டாந்துட்டேன். நீங்க கலக்கி ஊத்துனாப் போதும்.”

மூடியைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லது செய்றன்னுதான் நினைச்சிருப்ப” என்றார். “இருக்கிற ஒரு கையையும் நீ பிடுங்கிட்டுப் போற தனம்.”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு செய்கிறோமே, இப்படிச் சொல்லிவிட்டாரே என்று. ஒன்பது நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பதினோரு வருடத்தில் வேறு ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முட்டை தட்டும் சத்தம் மட்டும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் அண்ணனும் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏ தனம்! வா இங்கன!”

போனேன். ஒரு கிண்ணத்தில் துணியை மடித்துப் போட்டு, முட்டை உருளாதபடி அதில் நிறுத்தி வைத்திருந்தார். இடது கையில் ஸ்பூன். அதன் முதுகால் ஒரு தட்டு. ஸ்பூனை வைத்துவிட்டு முட்டையை எடுத்து, டம்ளருக்கு மேலே பிடித்து, கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை ஒரு பக்கமும் விரித்தார். ஓடு பிளந்து முட்டை உள்ளே இறங்கியது. கரு கலங்கவில்லை. டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போட்டுக் கொடுத்த ஆம்லேட்டில் நாலைந்து ஓட்டுத் துண்டு இருந்தது. ஒன்றையும் துப்பாமல் தின்றேன்.

“மன்னிச்சுக்கங்கக்கா” என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் லேப் முதலாளியம்மாவே வீட்டுக்கு வந்து அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். “நீங்க ஊசி போட வேண்டாம். பக்கத்துல உக்காந்து பேசுங்க, போதும். கூட்டம் உங்களத்தான் கேக்குது” என்றார்கள். அக்கா போனார். ஊசி குத்துவது வேறொருவர், பேச்சுக் கொடுப்பது அக்கா. பயந்தவர்கள் அவருடைய அசையாத வலது கையைப் பார்ப்பார்கள். “இதுக்கு என்னக்கா?” என்று சிலர் கேட்பார்கள். “அது லீவுல இருக்கு. நீங்க சொல்லுங்க, முட்டை எப்படி உடைப்பீக?” என்பார். கடைசிவரை போய்க்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலாகி நாங்கள் கம்பத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஈஸ்டருக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு போனில்தான். போகலாம் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்று உத்தமபாளையம் போய், அங்கிருந்து ராயப்பன்பட்டிக்கு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பெட்டிக்குள் அக்காவை வெள்ளைச் சேலையில் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். சாவில் இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எது வராத கை, எது உழைத்த கை என்று யாராலும் சொல்ல முடியாது. நான் இடது கையைத் தொட்டேன். அவ்வளவு நாள் சொல்லாததை அங்கே குனிந்து சொன்னேன். சுற்றிலும் ஜெபம் படித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்கும்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது அருள் அண்ணன் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். என்னைப் பார்க்காமலே பேசினார்.

“காலையில, இன்னைக்கு ஆம்லேட் நான் போடுறேன்னு சொன்னா. நான் குளிச்சிட்டு வந்து பாக்குறேன், அடுப்பு மேடைக்குக் கீழ உக்காந்திருந்தா. அடுப்ப அணைச்சிட்டுத்தான் உக்காந்திருக்கா.”

சுவரின் காரையை நகத்தால் சுரண்டினார்.

“ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாக. உடுத்திவிடச் சேலை கொண்டாங்கன்னாக. எடுக்க வீட்டுக்குப் போனேன். தட்டுல ரெண்டு ஆம்லேட் போட்டு மூடி வச்சிருந்தா. அத எடுத்து எங்கன கொட்டுவேன் தனம்? நின்னுக்கிட்டே தின்னேன். ரெண்டையும் தின்னேன். அவ அங்கன அப்படிக் கிடக்குறா, நான் இங்கன தின்னுக்கிட்டு இருக்கேன். தப்பாம்மா?”

“இல்லண்ணே” என்றேன். “உங்களுக்குத்தான போட்டாக.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு அந்தச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, நான் அவரிடம் ஒருநாளும் கேட்டிராத குரலில் அழுதார். மேற்கே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. புது மண்ணின் மேல் வைத்திருந்த மாலைகளைக் காற்று புரட்டியது. ஷீலா வந்து அவர் கையைப் பிடித்து மெல்ல அழைத்துக்கொண்டு போனாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். பஸ் போய்விடும் என்று யாரோ கூப்பிட்டார்கள். உங்களை அங்கே தனியாக விட்டுவிட்டு எப்படித் திரும்பி நடந்தேன் என்று தெரியவில்லை அக்கா. நடந்துவிட்டேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.